அழையா விருந்தாளிகளைப் படைத்தவர்

ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்தில் நிலைத்த புகழ் பெற்றவர் எடித் நெஸ்பிட். இவர் 1858 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். நான்கு வயது நிறைவதற்குள் தந்தையை இழந்தார். தமக்கை மேரி காசநோயால் வருந்தினார். அவருக்கு ஏற்ற தட்பவெப்பத்தை நாடிக் குடும்பம் பிரான்சு முதலிய நாடுகளில் தங்கியது. புதிய ஊர், புதிய மொழி, புதிய பள்ளி என நெஸ்பிட்டின் இளமை கழிந்தது.

1880 இல் அவருக்குத் திருமணம் நடந்தது. விரைவிலேயே கணவர் பெரியம்மையால் நோயுற்றார். கணவரின் தொழிற்கூட்டாளியோ பணத்துடன் மறைந்தார். நெஸ்பிட் மனம் தளரவில்லை. வாழ்த்து அட்டைகளில் ஓவியம் தீட்டியும், கவிதைகளும் கதைகளும் எழுதியும் குடும்பத்தைக் காத்தார்.

வறுமையை அறிந்த அவரது எழுத்தில் நகைச்சுவை குறையவில்லை. 1904 இல் வெளிவந்த 'பீனிக்ஸ் பறவையும் கம்பளமும்' என்னும் மாயக்கதையே அதற்குச் சான்று. அதில் வரும் சிறுவர்கள், தம் வீட்டு மாயக் கம்பளத்தைப் பாரசீகத்தின் அழகிய பொருள்களைக் கொண்டுவருமாறு பணிக்கின்றனர். கம்பளமோ 199 பாரசீகப் பூனைகளைக் கொண்டுவந்து இறக்குகிறது! பூனைகள் அனைத்தும் பசியால் கத்துகின்றன. பாலுக்கு எங்கே போவது? மீண்டும் கம்பளத்தை ஏவுகின்றனர். வீட்டிற்குள் பசு ஒன்று வந்து நிற்கிறது!

விரும்பியது கிடைத்தாலும் அதனைப் பேணும் பொறுப்பும் உடன் வரும் என்பதைச் சிரிப்பினூடே உணர்த்துகிறது இக்கதை. அதற்கு முன்பெல்லாம் மாயம் பெரும்பாலும் தொலைதூர அரண்மனைகளிலேயே நிகழ்ந்தது. நெஸ்பிட் அதனை எளிய வீட்டின் கூடத்திற்கு அழைத்துவந்தார். 1924 இல் அவர் மறைந்தார். நிலையான வீடின்றி வளர்ந்த அச்சிறுமியின் கதைகளுக்கு இன்றும் பல நாட்டுச் சிறுவர் இல்லங்களில் இடமுண்டு.