கணக்குக் கேட்ட குமரப்பா

முசரவாக்கத்து நெசவாளி ஒருவர் பட்டுச் சேலை நெய்து காஞ்சிபுரம் கடைக்காரரிடம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் பணம் தரவில்லை. கடன் சீட்டு எழுதித் தருகிறார். நெசவாளி வீட்டில் அடுப்பு எரியவில்லை. கடைக்காரரோ தம் வீட்டைப் புதுப்பித்துக் கட்டுகிறார். கடனைக் கொஞ்சம் தள்ளுபடி செய் என்றும் கேட்கிறார். இரண்டு தேசங்களுக்கு நடுவே இப்படி நடந்தது. அப்போது கணக்குக் கேட்டவர் ஜே.சி. குமரப்பா.

அவர் 1892-ல் தஞ்சாவூரில், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் தணிக்கையாளராக இருந்தார். பிறகு அமெரிக்கா சென்று, கொலம்பியா சர்வகலாசாலையில் இந்தியாவின் வறுமையை ஆராய்ந்தார். வரிப்பணம் போன வழி அங்கேதான் அவருக்குப் புலப்பட்டது. 1929-ல் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்த கிழவர்தான் காந்திஜி என்று சற்று நேரம் அவருக்குத் தெரியவில்லையாம்! அதற்குப் பிறகு கோட்டுக்குப் பதில் கதர்தான்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. பிரிட்டன் இந்தியாவிலிருந்து துணியும் தளவாடமும் ஏராளமாக வாங்கியது. ரொக்கம் தரவில்லை; லண்டனில் பற்று எழுதி வைத்தது. அந்தப் பற்றை நம்பி இங்கே ரூபாய் நோட்டுகள் அச்சாயின. நோட்டு பெருகியது, சரக்கு குறைந்தது, விலை ஏறியது. 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். யுத்தம் முடிந்தபோது கடன் ஏறக்குறைய 130 கோடி பவுன்!

1945-ல் பிரிட்டனில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. சோஷலிசமே அதன் கொள்கை. 1947-ல் நிலக்கரிச் சுரங்கங்களும் 1948-ல் ரயில்களும் பொதுவுடைமை ஆயின. அந்நாட்டுத் தொழிலாளிக்கு நல்ல காலம்தான். ஆனால் ஏழை நாட்டுக்குத் தர வேண்டிய பாக்கி? அதில் ஒரு பகுதியைத் தள்ளிவிடலாம் என்றார் பொருளாதார நிபுணர் கெயின்ஸ்.

குமரப்பா சும்மா இருக்கவில்லை. கிளைவ் காலம் முதல் கெயின்ஸ் காலம் வரை இந்தியாவின் தலையில் ஏற்றிய கடன்களை வரிசைப்படுத்தி, 1947-ல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். கணக்கர் அல்லவா! கோபத்தையும் எண்களாகவே எழுதினார். பாக்கி பின்னர் தவணை தவணையாகத்தான் வந்தது.

ஆலை முதலாளி கையில் இருந்தாலும் சர்க்கார் கையில் இருந்தாலும், தூரதேசத்துப் பஞ்சையும் தூரதேசத்துச் சந்தையையும் நம்பினால் துப்பாக்கி காவலுக்கு வந்தே தீரும் என்பது அவர் கருத்து. அருகில் கிடைக்கும் பொருளைக்கொண்டு அவசியமானதை முதலில் செய்துகொள்ள வேண்டும் என்றார். வார்தாவில் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியதும் அதற்காகவே. சுதந்திர இந்தியா பெரிய ஆலைகளின் பக்கம் சாய்ந்தபோது, சொந்தக் கட்சிக்காரர்களையும் அவர் விடவில்லை. அதனால் நண்பர்கள் குறைந்தார்கள்.

கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் கல்லுப்பட்டி ஆசிரமத்தில் கழித்தார். 1960 ஜனவரி 30-ல் காலமானார். காந்திஜி மறைந்ததும் ஒரு ஜனவரி 30-ல்தான்.