வள்ளலார் கண்ட உடற்கோயில்

குடமுழுக்கு விழாவிற்கு வரும் மெய்யன்பர்கள் வேள்விச்சாலையில் வரிசையாக எழுந்தருளியிருக்கும் கும்பங்களைக் கண்டு தொழுவர். குடம் இறைவனுக்கு உடம்பு. அதன்மேற் சுற்றிய நூல் நாடி நரம்பு. உள்ளே நிறைந்த நீர் குருதி. மேலே வைத்த தேங்காய் தலை. இவ்வாறே ஆகமநெறி வல்லோர் பொருள் உரைப்பர். உருவங்கடந்த பரம்பொருளை ஓர் உடம்பில் எழுந்தருள்வித்து வழிபடுவது நம் மரபு. அங்ஙனமாயின், அப்பொருள் முன்னமே குடிகொண்டுள்ள மக்கள் உடம்பை நாம் எவ்வாறு நடத்துதல் வேண்டும்? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் திருவருட்பிரகாச வள்ளலார் எனப் போற்றப்பெறும் இராமலிங்க அடிகளார்.

அடிகளார் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் மகவாகத் தோன்றினார். தந்தையார் விரைவில் மறையவே, சென்னையில் தமையனார் சபாபதியாரின் ஆதரவில் வளர்ந்தார். பள்ளிப்படிப்பில் மனம் செல்லவில்லை. கந்தகோட்டத்து முருகன் திருமுன்பே பெரிதும் காலங்கழிந்தது. 1850இல் தமக்கையார் மகளை மணந்தும் இல்லறத்திற் பற்றின்றியே இருந்தார். பின்னர்ச் சென்னையை நீங்கித் தில்லைப் பகுதிக்கு மீண்டு, கருங்குழி என்னும் சிற்றூரிற் பல்லாண்டு தங்கினார். துறவு நிலையில் நின்றும் காவி புனைந்தாரல்லர். வெள்ளாடையால் தலையையும் உடம்பையும் போர்த்தியிருப்பதே அவர் கோலம்.

உடம்பு மாயையின் காரியம் என்பது சித்தாந்தத் துணிபு. ஆயினும், ஆணவ இருளில் அழுந்திய உயிர்க்கு விடியுமளவும் உதவும் விளக்காக இறைவனே அதனைக் கூட்டினான் என்பதும் அச்சாத்திரமே கூறுவது. முற்பாதியை மட்டும் பற்றிக்கொண்டு, உடம்பை மலப்பை என்று இகழ்ந்து திரிந்தோர் நம்முட் பலர். பிறர் பசியைக் கண்டபோதும் அது வினைப்பயன் எனக் கூறிக் கடந்து செல்ல அவ்விகழ்ச்சி அவர்க்கு வசதியாயிற்று. திருமூலர் வழிநின்று பிற்பாதியை எடுத்துக்கொண்டவர் அடிகளார். அழியா உடம்பு பெறுதலே வீடுபேற்றின் நிறைவு என அவர் மேலுஞ் சென்றது சித்தாந்தம் பயின்றோர்க்கு எளிதில் உடன்பாடாவதன்று. அது நிற்க, அக்கொள்கையினின்று அவர் கொணர்ந்த செயல்களை மறுப்பார் யார்?

பசி வந்துற்றபோது அறிவு மயங்கும், கண் குழியும், செவி அடைக்கும், நா வறளும். இறைவன் உறையும் கோயிலில் விளக்கு அவியும் நிலை அது என்பது அடிகளாரின் கருத்து. ஆதலின் பசித்தவர்க்கு உணவிடுதலை அறங்களுள் ஒன்றாக மட்டும் அவர் எண்ணவில்லை. அதனையே வழிபாடாகக் கொண்டார். சீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலின் உயிர்நிலை இதுவே. 1866இல் நாட்டைப் பஞ்சம் வாட்டிற்று. 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரிற் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலம் ஈந்தனர். அன்று மூட்டிய அடுப்புத் தீ அணையாமற் காக்கப்பெற்று வருகின்றது. அங்கே சாதி கேட்டு இலை போடப்பெறவில்லை. மதுரையில் வைத்தியநாத ஐயர் அரிசன அன்பர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மை சந்நிதி புகுந்தது 1939ஆம் ஆண்டு சூலை 8இல். வடலூர்ப் பந்தி அதற்கு 72 ஆண்டு முந்தியது.

உடம்பைக் கோயிலெனக் கண்டவர் அதனைத் தீயிலிட ஒருப்படுவரோ? இறந்தாரை எரியாது புதைக்கச் சொன்னார். கணவனை இழந்தாளின் மங்கல நாணைக் களைதல் ஆகாதென்றார். 1871இல் இவ்வறிவுரைகள் வழங்கப்பெற்ற காலத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாலியறுப்பு என்னும் கொடுமையை ஊர்கூடி நிகழ்த்திய காலம் அது. புலால் மறுத்தலை மட்டும் அவர் சிறிதும் தளர்த்தவில்லை. கரிசலாங்கண்ணியும் தூதுவளையும் முசுமுசுக்கையும் உடம்பிற்கு நல்லன என எடுத்துச் சொல்லும் அளவிற்கு அன்றாட வாழ்விற் கருத்தூன்றினார்.

1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பாவைப் பதிப்பித்தபின் எழுந்த பூசல் யாவரும் அறிந்தது. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் அதனை மறுத்தார். 1869இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இளமையில் மடத்திற் பாடங்கேட்ட எம்மனோர்க்கு நாவலர் உரைநடையே இலக்கணம்; அவர் அச்சிட்ட நூல்களே கைவிளக்கு. இருவரும் சிவனடியையே பற்றினர் என்பதால் அப்பூசலை இங்கு விரித்தல் வேண்டா.

1872 தைப்பூசத்தில் வடலூர்ச் சத்திய ஞானசபையில் ஒளிவழிபாடு தொடங்கிற்று. 1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத் திருமாளிகையின் அறையுட் புகுந்து அடிகளார் கதவடைக்கச் செய்தார். பின்னர் அரசு அலுவலர் திறந்து பார்த்தபோது அறையில் ஒருவரும் இல்லை என்பர். 1878இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டிலும் அவர் மறைவு பற்றிய குறிப்பு உளது. அவர் மறைந்த இரண்டாம் ஆண்டில் தாது வருடப் பஞ்சம் நாட்டைச் சூழ்ந்தது.

தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் நீங்கச் சோதி காண மதுரைப் பக்கத்தினின்றும் அன்பர் பலர் வடலூர் செல்வர். செல்வோர் ஞானசபைக்குச் செல்லுமுன் தருமச்சாலை அடுப்பைக் காணல் நன்று. அங்கே விறகு இடுவோரும் அரிசி களைவோரும் ஓய்வின்றி இருப்பர். நாமும் ஒரு கை கொடுக்கலாம்.