இரு உலோகப் பட்டை கண்ட தச்சர் ஜான் ஹாரிசன்

கேக் சுடும் மின்சார அடுப்புகள் சிலவற்றில், அடுப்பை அணைத்த பின்பும் உள்ளே ஒரு விசிறி சுழன்றுகொண்டிருக்கும். சிறிது நேரம் கழித்து அது தானாகவே நின்றுவிடும். அதனை நிறுத்தியது யார்? நாணய அளவே உள்ள ஒரு வெப்ப விசை. அதனுள் இருப்பது, வெவ்வேறு உலோகங்கள் இரண்டைச் சேர்த்துச் செய்த, சற்றே குழிந்த மெல்லிய தகடு. சூடேறும்போது இரு உலோகங்களும் ஒரே அளவில் விரிவதில்லை. ஆதலால் குறித்த வெப்பம் வந்ததும் தகடு ‘டக்’கென்று மறுபுறம் புரண்டு மின்சாரத்தை இணைக்கிறது. விசிறி சுழன்று, அடுப்பின் மேலோடும் அதையொட்டிய மின்கருவிகளும் கொதித்துப்போகாமல் காக்கிறது. ஆறியதும் தகடு பழைய நிலைக்குத் திரும்ப, விசிறி நிற்கிறது.

மாணவமணிகளே! இத்தகட்டின் மூதாதை அடுக்களையில் பிறக்கவில்லை; கப்பலுக்கென்று செய்த ஒரு கடிகாரத்தில் பிறந்தது. அதனைக் கண்டவர் ஜான் ஹாரிசன் என்னும் தச்சர்.

இவர் 1693ஆம் ஆண்டு இங்கிலாந்தில், யார்க்ஷயர் வட்டாரத்துச் சிற்றூரொன்றில் பிறந்தார். தந்தையாரும் தச்சரே. இருபதாவது வயதில், பற்சக்கரங்களையும் மரத்தாலேயே கடைந்து ஒரு கடிகாரம் செய்தார்.

அக்காலத்தில் நடுக்கடலில் செல்லும் மாலுமிகளுக்குத் தாம் கிழக்கு மேற்காக எவ்வளவு தொலைவு வந்துள்ளோம் என்பது சரிவரத் தெரியாது. 1707இல் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் நான்கு, சில்லித் தீவுப் பாறைகளில் மோதி மூழ்கின; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இதன் பின், 1714இல் நாடாளுமன்றம் இக்குறையைத் தீர்ப்பவருக்கு 20,000 பவுன் வரை பரிசு அறிவித்தது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. எனவே புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைப் பிசகாமல் காட்டும் கடிகாரம் ஒன்று கப்பலில் இருந்தால் போதும். அவ்விடத்து நண்பகலோடு ஒப்பிட்டு இடத்தைக் கணித்துவிடலாம். ஆனால் கப்பலின் ஆட்டத்திலும் வெயில் குளிர் மாற்றத்திலும் அக்காலக் கடிகாரங்கள் தடுமாறின.

ஹாரிசனின் முதற் கடற்கடிகாரம் ஏறத்தாழ 34 கிலோ எடை! 1736இல் அது லிஸ்பன் வரை சென்று திரும்பியது. பிறர் பாராட்டியும் அவருக்கு நிறைவில்லை. இரண்டாவதைக் கடலுக்கே அனுப்பவில்லை. மூன்றாவதற்கு 19 ஆண்டுகள் உழைத்தார். வெப்பம் மிகுந்தால் கடிகாரச் சுருள்வில் தளர்ந்து நேரம் பிந்தும். அதனைத் திருத்த, பித்தளையையும் எஃகையும் ஒன்றாகத் தறைந்து ஒரு பட்டை செய்தார். பித்தளை மிகுதியாக விரிவதால் சூட்டில் பட்டை வளையும். அவ்வளைவே வில்லின் நீளத்தைச் சரிசெய்தது. அக்கடிகாரம் அவர் விரும்பிய துல்லியத்தை எட்டவில்லை. ஆயினும் அப்பட்டையின் வழிவந்தவை இன்று அடுப்பிலும், பல இஸ்திரிப் பெட்டிகளிலும் ஓயாது உழைக்கின்றன.

1759இல் முடிந்த நான்காவது கடிகாரம் 13 செண்டிமீட்டர் அகலமே உடையது. 1761இல் மகன் வில்லியம் அதனை ஜமைக்காவுக்குக் கொண்டு சென்றார். முன்னரே கணித்திருந்த அன்றாட வேறுபாட்டை நீக்கிப் பார்த்தபோது, 81 நாளில் அது பிந்தியது 5 வினாடிதான்!

பரிசு உடனே கிட்டியிருக்க வேண்டுமன்றோ? கிட்டவில்லை. பரிசுக் குழுவினர் மற்றொரு சோதனை வேண்டுமென்றனர். பார்படோஸ் பயணத்திலும் கடிகாரம் வென்றது. பின்பும், அதன் நுட்பங்களையெல்லாம் வெளிப்படுத்திய பிறகே, 1765இல் பாதித் தொகையை வழங்கினர். குழு இடையிடையே பொருளுதவி செய்ததுண்டு. எனினும் முதியவரிடம் இவ்வளவு கடுமை காட்டியிருக்க வேண்டியதில்லை என்றே நாம் கருதுகிறோம். இறுதியில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஐந்தாவது கடிகாரத்தைத் தாமே சோதித்து அவர் பக்கம் நின்றார். 1773இல் நாடாளுமன்றம் 8,750 பவுன் அளித்தபோது ஹாரிசனுக்கு வயது 80. மூன்றாண்டுகளில், 1776 மார்ச் 24ஆம் நாள், இலண்டனில் காலமானார்.

அவருடைய நான்காவது கடிகாரத்தைப் போலவே செய்த மற்றொன்றைக் கேப்டன் குக் 1772 முதல் 1775 வரை தம் கடற்பயணத்தில் பயன்படுத்தினார். ஹாரிசனுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நினைவுக்கல் பதித்தது 2006இல்தான். அக்கல்லின் குறுக்கே, அவ்விடத்தின் தீர்க்கரேகையைக் காட்டும் கோடு ஒன்று ஓடுகிறது. அக்கோடு இரு உலோகங்களால் ஆனது.