சாமுவேல் இன்சல்: கேஸ் விலை ஏறினால் யார் ஜெயிப்பார்?

கேஸ் விலை ஏறுதுன்னு செய்தி வந்ததும் எனர்ஜி கம்பெனி ஷேர் எதையாவது வாங்கிப் போடலாம்னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க. அதுக்கு முன்னாடி இன்சல் என்ற மனிதரின் வாழ்க்கையைத் தெரிஞ்சுக்கோங்க.

1859-ல் லண்டனில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு இல்லை, ஷார்ட்ஹேண்ட் தெரியும். 1881-ல் அமெரிக்கா போய் தாமஸ் எடிசனின் செயலாளர் ஆனார். 1892-ல் சிகாகோ எடிசன் மின் கம்பெனியின் தலைவர். 1903-ல் ஃபிஸ்க் தெரு மின் நிலையத்தில் 5 மெகாவாட் நீராவி டர்பைனை ஓடவிட்டார். இன்னிக்கு அது நமக்குச் சின்னது, அன்னிக்கு பிரம்மாண்டம். உற்பத்தி பெருகினால் யூனிட் விலை குறையும், விலை குறைந்தால் வாடிக்கையாளர் கூடுவார்கள் என்பதுதான் அவர் கணக்கு. அது பலித்தது.

அடுத்து அவர் கைக்கு வந்தது சிகாகோவுக்கு கேஸ் கொடுத்த பீப்பிள்ஸ் கேஸ் கம்பெனி. அப்போ அங்கே எரிந்தது பெரும்பாலும் நிலக்கரி, எண்ணெயிலிருந்து ஆலையில் தயாரித்த கேஸ். முதல் உலகப் போர் வந்ததும் ரெண்டும் தாறுமாறா விலை ஏறின. வாடிக்கையாளர் கட்டும் கட்டணமோ அரசு ஆணையத்தின் கையில். நினைச்ச நேரத்தில் ஏத்த முடியாது. நடுவில் மாட்டி நசுங்கியது கம்பெனி. 1919-ல் இன்சல் பொறுப்பேற்றபோது அது திவாலின் விளிம்பில் இருந்தது. செலவைக் குறைத்து, மறுபடி டிவிடெண்ட் தரும் நிலைக்கு நிமிர்த்தினார். 1931-ல் டெக்சாஸ் வயல்களிலிருந்து சுமார் 1,000 மைல் குழாய் வழியாக இயற்கை எரிவாயுவே சிகாகோ வந்து சேர்ந்தது.

பாத்தீங்களா? விலை ஏறினா கிணறு வெச்சிருக்கிறவனுக்கு லாபம். வாங்கி விக்கிறவனுக்கு, கட்டணம் உயரும்வரை அடி. கேஸ் எரித்து மின்சாரம் தயாரிக்கும் கம்பெனிக்கும் இதே கதைதான். முன்கூட்டியே பழைய விலைக்கு ஒப்பந்தம் போட்டு விற்றுவிட்டால், கிணறு வெச்சிருக்கிறவனுக்கும் உடனே லாபம் வராது.

இவ்வளவு தெரிந்த இன்சலே கவிழ்ந்தார். காரணம் கேஸ் இல்லை, கடன். கம்பெனிக்கு மேல் கம்பெனி, அதற்கும் மேல் இன்னொரு கம்பெனி என்று அடுக்கினார். பங்குகளை ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் சேமிப்பைப் போட்டு வாங்கினார்கள். 1930-ல் சைரஸ் ஈட்டன் என்ற முதலீட்டாளரிடமிருந்த பங்குகளை 56 மில்லியன் டாலருக்கு வாங்கினார். அதற்குக் கடன் எடுத்து, பங்குகளையே வங்கிகளில் அடமானம் வைத்தார். சந்தை விழ விழ அடமானத்தின் மதிப்பும் விழுந்தது. 1932-ல் அடுக்கு மொத்தமும் சரிந்தது. கீழே இருந்த மின், கேஸ் கம்பெனிகள் பெரும்பாலும் தப்பின. அடுப்பு அணையவில்லை, விளக்கும் அணையவில்லை. ஆனால் மேலடுக்குப் பங்குகளை வாங்கிய சாதாரண மக்களின் சேமிப்பு போய்விட்டது.

கிரீசுக்குத் தப்பினார், துருக்கியில் பிடிபட்டார். 1934-ல் நீதிமன்றம் குற்றமற்றவர் என விடுவித்தது. 1935-ல் இப்படிப்பட்ட அடுக்குகளை உடைக்க அமெரிக்கா தனிச் சட்டமே போட்டது. 1938-ல் பாரிஸ் மெட்ரோ நிலையத்தில் மாரடைப்பால் இறந்தார்.

அதனால, ஷேர் வாங்கும் ஆப்பைத் திறக்கும் முன் மூணு விஷயம் பாருங்க: அந்தக் கம்பெனி கேஸை எடுக்குதா, வாங்குதா? விற்பனை விலையை யார் முடிவு பண்றாங்க? கடன் எவ்வளவு? இதுக்குப் பதில் தெரியலைன்னா, காசு உங்க பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.