ஒரு கொசுவுக்கு ஓரணா!

மனிதனை அதிகமாகக் கொல்லும் பிராணி எது?

புலி என்பார்கள் சிலர். நல்ல பாம்பு என்பார்கள் சிலர். கடலோரத்தில் கேட்டால் சுறாமீன் என்பார்கள்.

சுறாமீன் கடித்து உலகம் முழுவதிலும் ஆண்டுக்குப் பத்துப் பேர் இறந்தாலே அதிகம். இந்தியாவில் புலி அடித்து ஆண்டுக்கு நூறு பேரை ஒட்டி இறக்கிறார்கள். நாம் பிரியமாகப் பழம் கொடுக்கும் யானையோ ஐந்நூறு பேரைக் கொன்றுவிடுகிறது! வெறிநாய்க் கடியால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் சாகிறார்கள். பாம்பு குறைந்தது 81,000 பேரின் உயிரைக் குடிக்கிறது.

இவை எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு பூச்சிக்குப் பக்கத்தில் வர முடியாது. அதுதான் கொசு. 2023-ம் ஆண்டில் மலேரியாவுக்கு மட்டும் 5,97,000 பேர் பலியானதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் பச்சைக் குழந்தைகள்.

இந்தக் கொலையாளியைக் கையும் களவுமாகப் பிடித்தவர் ஒரு ராணுவ டாக்டர். பெயர் ரொனால்டு ராஸ்.

கவிஞராக ஆசை

1857-ம் ஆண்டு மே 13-ந் தேதி, இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் ராஸ் பிறந்தார். தந்தை ஆங்கிலேய ராணுவ அதிகாரி. எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்.

கவிதை எழுத வேண்டும், படம் வரைய வேண்டும் என்பதுதான் பையனின் ஆசை. தந்தை கேட்கவில்லை. டாக்டருக்குப் படி என்று லண்டனில் சேர்த்துவிட்டார். ராஸ் வேண்டாவெறுப்பாகப் படித்தார். பரீட்சையில் தவறியதும் உண்டு. எப்படியோ தேறி, 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னைக்கு வந்தார்.

1883-ல் பெங்களூரில் இருந்தபோது அவருடைய பங்களாவில் கொசுத் தொல்லை தாங்கவில்லை. ஜன்னலோரம் இருந்த தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். உள்ளே புழுக்கள் நெளிந்தன. தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினார். கொசு குறைந்தது. அவ்வளவுதான்! அந்தக் கொசுவுக்கும் தன் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் நடுங்கும் சிப்பாய்களுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது அவருக்குத் தெரியாது.

யாருக்குமே தெரியாது. சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றுதான் காரணம் என்று உலகமே நம்பியிருந்தது. மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். அந்த நாளில் சர்க்கார் புலியைக் கொன்றவனுக்கு இனாம் கொடுத்தது. பாம்பைக் கொன்றவனுக்கும் இனாம் கொடுத்தது. கொசுவை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

தவறான கொசு!

நோயாளியின் ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருப்பதைப் பிரெஞ்சு டாக்டர் லாவெரான் 1880-லேயே கண்டுபிடித்திருந்தார். அது ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு எப்படிப் போகிறது? கொசுவாக இருக்கலாம் என்று 1894-ல் லண்டனில் ராஸுக்கு எடுத்துச் சொன்னவர் பாட்ரிக் மான்சன் என்ற டாக்டர். ஆனால் கொசு கடிப்பதால் நோய் வருகிறது என்று அவர் நினைக்கவில்லை. கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் வருகிறது என்று நினைத்தார்.

ராஸ் 1895-ல் செகந்திராபாத்துக்குத் திரும்பி வேலையைத் தொடங்கினார். நோயாளிகளைக் கொசுக்கடிக்கச் செய்து, அந்தக் கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். நூற்றுக்கணக்கான கொசுக்கள்! ஒன்றிலும் கிருமி வளரவில்லை. காரணம், அவர் அறுத்தவை எல்லாம் வேறு ஜாதிக் கொசுக்கள்.

1897 ஏப்ரலில் விடுமுறைக்கு ஊட்டிக்கு வந்தார். அங்கிருந்து சீகூர் மலைப்பாதைக்குப் போனார். யானையும் புலியும் நடமாடும் காடு அது. அவற்றால் ஓர் ஆபத்தும் வரவில்லை. ஆனால் ராஸ் காய்ச்சலோடு திரும்பினார். மலேரியா!

ஆகஸ்டு மாதம். செகந்திராபாத்தில் நெருப்பாய் வெயில். பங்கா போட்டால் கொசுக்கள் பறந்துவிடும் என்று அதையும் நிறுத்திவிட்டார். நெற்றி வியர்வை சொட்டிச் சொட்டி அவருடைய மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருப்பிடித்தன. கண்ணாடியும் விரிசல் விட்டிருந்தது.

அப்போது அவருடைய ஆள் ஒருவன் கொண்டுவந்த புழுக்களிலிருந்து இறக்கையில் புள்ளி போட்ட கொசுக்கள் வெளிவந்தன. ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்க வைத்து, பத்துக் கொசுக்களை விட்டார். ஒரு கடிக்கு ஓரணா கூலி. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலம் அது. ஹுசேன் கான் பத்தணா சம்பாதித்தார்!

ஆகஸ்டு 20-ந் தேதி. கொசுக்களில் பல செத்துவிட்டன. மிஞ்சியிருந்தவற்றில் ஒன்றை ராஸ் அறுத்தார். வயிற்றுச் சுவரில் வட்டமாக ஏதோ தெரிந்தது. உள்ளே கரும்புள்ளிகள். மலேரியாக் கிருமியில் காணும் அதே கறுப்பு! மறுநாள் இன்னொரு கொசுவை அறுத்தார். வட்டங்கள் பெரிதாகியிருந்தன. கொசுவின் வயிற்றில் கிருமி வளர்கிறது என்பது தெரிந்துவிட்டது. அனாபிலிஸ் என்ற அந்தக் கொசுவில் பெண் மட்டுமே கடிக்கும். முட்டையிட அதற்கு ரத்தம் வேண்டும்.

பாதி வேலைதான் முடிந்திருந்தது. அதற்குள் மாற்றல் உத்தரவு வந்தது. ராஜபுதனத்துக் கேர்வாராவுக்கு! அங்கே மலேரியா நோயாளியே கிடைப்பது அரிது. ராஸ் துடித்துப்போனார். மான்சன் லண்டனில் பல கதவுகளைத் தட்டிய பிறகு, 1898 பிப்ரவரியில் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்ய உத்தரவு கிடைத்தது.

கல்கத்தாவிலோ, பிளேக் பீதியில் இருந்த ஜனங்கள் ஊசியைக் கண்டாலே ஓடினார்கள். ராஸ் குருவிகளைப் பிடித்தார். பறவைகளுக்கும் ஒருவகை மலேரியா உண்டு. உதவியாளர் முகமது பக்சுடன் இரவு பகலாக உழைத்தார். ஜூலையில் கிருமி போகும் வழி முழுவதும் தெரிந்தது. கொசுவின் வயிற்றிலிருந்து அது எச்சில் சுரப்பிக்குப் போகிறது. கடிக்கும்போது எச்சிலோடு உடம்பில் இறங்குகிறது. நோயுள்ள குருவியைக் கடித்த கொசு நல்ல குருவியைக் கடித்ததும், அதற்கும் நோய் கண்டது.

மனிதருக்கும் இதே கதைதான் என்று அதே ஆண்டில் இத்தாலியின் கிராசியும் அவர் சகாக்களும் நிரூபித்தார்கள். பெருமை யாருக்கு என்று ராசும் கிராசியும் வாழ்நாள் முழுதும் சண்டையிட்டது வேறு கதை. ராஸ் லேசில் யாரோடும் ஒத்துப்போகிறவர் அல்ல.

1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் எகிப்தின் இஸ்மாயிலியா நகருக்குச் சென்று, தேங்கிய நீரை ஒழிக்க வழி சொன்னார். பெங்களூரில் தொட்டியைக் கவிழ்த்த அதே வித்தைதான்! சில ஆண்டுகளில் அந்த ஊரில் மலேரியா அடங்கிவிட்டது.

1911-ல் சர் பட்டமும் வந்தது. பணம்தான் வரவில்லை. அம்மைப்பால் கண்டுபிடித்த ஜென்னருக்கு இங்கிலாந்துப் பார்லிமெண்டு 30,000 பவுன் வழங்கியிருந்தது. அதைச் சுட்டிக்காட்டித் தமக்கும் வெகுமதி வேண்டும் என்று ராஸ் மனுக் கொடுத்தார். புலித்தலைக்கு இனாம் கொடுத்த சர்க்கார் கையை விரித்துவிட்டது.

கடைசிக் காலத்தில் அவர் தம்முடைய ஆராய்ச்சிக் குறிப்புகளையும் கடிதங்களையும் விலைக்கு விட்டார். ஒரு சீமாட்டி 2,000 பவுன் கொடுத்து வாங்கிக்கொண்டார். 1932 செப்டம்பர் 16-ந் தேதி லண்டனில் ராஸ் காலமானார்.