மனக்கண்ணில் கண்ட கோடுகள்

காந்தத்தின்மேல் ஒரு தாளை விரித்து, அதன்மீது இரும்புத் தூளைத் தூவி மெல்லத் தட்டினால், தூள் வளைகோடுகளாக அணிவகுக்கும். இக்காட்சியைக் கண்டோர் பலர். தூளை அகற்றிய பின்னும் அக்கோடுகள் காந்தத்தைச் சூழ்ந்து நிலைத்திருக்கின்றன என எண்ணத் துணிந்தவர் மைக்கேல் ஃபாரடே. உயர் கணிதம் அறியாத அம்மேதையின் எண்ணமே பின்னாளில் இயற்பியலின் போக்கை மாற்றியது.

ஃபாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இலண்டனை அடுத்த நியூயிங்டனில் பிறந்தார். தந்தை நோயால் நலிந்த கொல்லர். எழுத்தும் வாசிப்பும் சிறிதளவு கணக்குமே மைக்கேலுக்குக் கிட்டிய பள்ளிக் கல்வி. பதினான்காம் வயதில் நூல் கட்டும் கடையொன்றில் தொழில் பயிலச் சேர்ந்த அவர், பிறருக்காகக் கட்டிய நூல்களைத் தாமும் படித்தார். 1812இல் ராயல் நிறுவனத்தில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டுப் படங்களுடன் குறிப்பெழுதி, அவற்றை நூலாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். மறு ஆண்டு அந்நிறுவனத்தின் ஆய்வகத்தில் உதவியாளர் ஆனார்.

மின்னோட்டம் காந்த ஊசியை அசைக்கும் என்பதை 1820இல் ஓர்ஸ்டெட் கண்டறிந்தார். அறிஞர் பலர் அவ்விளைவைச் சமன்பாடுகளில் அடக்க முயன்றனர். ஃபாரடேயோ அதனைக் காட்சியாகக் கண்டார். கம்பியைச் சுற்றி விசை வட்டமிடுவதாக அவர் மனத்தில் ஓர் ஓவியம் எழுந்தது. 1821இல் பாதரசக் கிண்ணத்தில் தோய்ந்த கம்பி காந்தத்தை ஓயாமல் சுற்றிவரும் கருவியை அமைத்தார். இன்றைய மின்மோட்டாரின் முன்னோடி அதுவே.

மின்சாரத்தால் காந்த விளைவு தோன்றுமெனில், காந்தத்தால் மின்சாரமும் தோன்ற வேண்டும் என்பது அவர் துணிபு. பத்தாண்டுகள் இடையிடையே முயன்றும் பயன் விளையவில்லை. 1831 ஆகஸ்ட் 29ஆம் நாள், இரும்பு வளையத்தின் இருபுறமும் கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைச் செலுத்தினார். மற்றதனோடு இணைந்த ஊசி, மின்னோட்டத்தை இணைத்தபோதும் துண்டித்தபோதும் மட்டும் துடித்தது. மாற்றமே மின்சாரத்தைத் தூண்டுகிறது என்பதை அத்துடிப்பு உணர்த்தியது. மின்னாக்கியும் மின்மாற்றியும் இக்கண்டுபிடிப்பின் வழிவந்தவை.

அவர் உள்ளுணர்வு எப்போதும் வென்றதில்லை. புவியீர்ப்புக்கும் மின்சாரத்திற்கும் தொடர்பு உண்டு என உறுதியாக நம்பிய அவர், பொருள்களை உயரத்திலிருந்து விழச் செய்து ஆராய்ந்தார். விளைவேதும் தோன்றவில்லை. அதனையும் மறைக்காமல் வெளியிட்டார். அவருடைய ஆய்வு நாட்குறிப்பில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பத்திகள் எண்ணிடப்பட்டுள்ளன. தோன்றிய எண்ணத்தை உடனுக்குடன் ஆய்வகத்திற்குக் கொண்டு சென்று சோதித்த உழைப்பிற்கு அவை சான்று.

ஆயினும், விசைக்கோடுகள் பற்றிய அவர் கருத்தை அக்கால அறிஞர் பலர் ஏற்கவில்லை. சமன்பாடு இல்லாத ஓவியம் அறிவியலாகாது எனக் கருதினர். 1845இல் காந்தம் ஒளியின் தன்மையை மாற்றுவதைக் கண்டறிந்த ஃபாரடே, ஒளியே இக்கோடுகளின் அதிர்வாக இருக்கலாம் என்று மறு ஆண்டு கூறினார். அதனை நிறுவும் கணிதம் அவரிடம் இல்லை.

அக்கணிதத்தைத் தந்தவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். மின்காந்தத் தூண்டல் கண்டறியப்பட்ட 1831ஆம் ஆண்டிலேயே பிறந்தவர் அவர். 1855இல் ஃபாரடேயின் விசைக்கோடுகளைக் கணித மொழியில் வடிக்கத் தொடங்கினார். அக்கட்டுரையைப் பெற்று மகிழ்ந்த ஃபாரடே, கணிதவாணர்கள் தம் முடிவுகளை எளிய மொழியிலும் தர இயலாதா என மடல்வழி வினவினார். தம் குறையை அறுபத்தாறு வயதிலும் மறைக்காத பண்பு அது. மேக்ஸ்வெல்லின் கணிதம் ஒளி ஒரு மின்காந்த அலை என்ற முடிவுக்கு இட்டுச் சென்றது. மின்காந்த அலைகள் உண்டு என்பதை 1888இல் ஹெர்ட்ஸ் மெய்ப்பித்தார்.

அதனைக் காண ஃபாரடே இல்லை. 1867 ஆகஸ்ட் 25இல் மறைந்திருந்தார். ஓவியமாய்க் காணும் மனம் முதலில் வழியைக் கண்டது. கணக்கிடும் மனம் அவ்வழியே சென்று அதனை உறுதி செய்தது. தமக்கு இயல்பாய் வாய்த்த ஆற்றலை நம்பி, அதனை நாள்தோறும் சோதனைக்கு உட்படுத்திய நூல் கட்டும் தொழிலாளியின் வாழ்வு, நம் ஒவ்வொருவர் ஆற்றலையும் மதிக்கக் கற்பிக்கிறது.