ரிவால்வர் வைத்திருந்ததற்காகத் தூக்கா? மலாயா கணபதி யார்?

அக்கம் பக்கத்தில் ஒரு வீடு கொள்ளை போனால் போதும், பாதுகாப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். நம்ம நாட்டில் அது கடைக்குப் போய் மாடல் பார்த்து வாங்குகிற விஷயம் இல்லை. இங்கே ஒரு காலத்தில், கையில் துப்பாக்கி இருந்தாலே தூக்குதான். அப்படித் தூக்கிலிடப்பட்டவர்தான் எஸ்.ஏ. கணபதி.

யார் இவர்?

தமிழ்நாட்டின் தம்பிக்கோட்டையில் பிறந்தவர், சிறு வயதிலேயே சிங்கப்பூர் வந்தார். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சியாளராக இருந்தார். போருக்குப் பின் அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். தமிழரும் சீனரும் ஒன்றாக நின்ற அமைப்பு அது. நீங்கள் வசிக்கும் சுபாங் ஜெயா அப்போது சீஃபீல்ட் ரப்பர் தோட்டம். அது மாதிரியான தோட்டங்களின் கூலி உயர்வுக்காகவும் இந்தச் சம்மேளனம் போராடியது.

1948-இல் என்ன மாறியது?

ஜூன் மாதம் சம்மேளனத்தின் பதிவு ரத்தானது. அதே மாதம் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட, பிரிட்டிஷ் அரசு அவசரகாலத்தை அறிவித்தது. அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை என்று விதி வந்தது. சுட்டீர்களா, யாரையாவது மிரட்டினீர்களா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம்.

எப்படிச் சிக்கினார்?

1949 மார்ச் மாதம், ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் ஒரு ரிவால்வர், 6 தோட்டாக்களுடன் பிடிபட்டார். கண்டெடுத்த துப்பாக்கியை போலீசில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தார் என்பது அவர் தரப்பு விளக்கம். நீதிமன்றம் ஏற்கவில்லை. மார்ச் 15-இல் மரண தண்டனை. நேரு அரசு கருணை கேட்டும் பலனில்லை. மே 3-இல் அவருடைய சங்கத் தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். இப்போது லாலாபோர்ட் மால் இருக்கிற இடம்தான் அது.

வேறு முடிவு சாத்தியமாக இருந்ததா?

ஜொகூரில் இதே மாதிரி துப்பாக்கி வழக்கில் மரண தண்டனை பெற்ற சாம்பசிவத்தை 1950-இல் லண்டன் பிரிவி கவுன்சில் விடுவித்தது. கணபதிக்குக் கிடைத்ததோ தீர்ப்பிலிருந்து ஏழே வாரம்.

இன்றைய சட்டம்?

1960 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் தருவது மாநில போலீஸ் தலைவர். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால், 1971-இன் கடும் தண்டனைச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. எங்காவது துப்பாக்கி கிடப்பதைப் பார்த்தால் கையில் எடுக்காதீர்கள். 999-க்கு அழையுங்கள், போலீஸ் அங்கே வரட்டும்.